ஏழரையில் நின்ற ஃபியட்

அரூர் கடைவீதியில் சொந்தக் கார் வைத்திருந்த ஒரே கடிகாரக்காரன் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் கார் வாங்கினேன். வாங்கின பிறகு பெருமைப்பட நேரம் கிடைக்கவில்லை.

பழைய ஃபியட். எனக்கு முன்னால் யார் யாரிடமோ இருந்து, அவர்கள் பொறுமையை எல்லாம் தீர்த்துவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. கைப்பிரேக் கிடையாது. நான்கு கதவில் இரண்டு திறக்காது. மற்ற இரண்டு மூடாது. ஆனால் ஓடும். எழுபது வயதுக்காரர் கோயிலுக்குப் போகிற மாதிரி, நிதானமாக, நிற்காமல் ஓடும். அதை மறந்துவிடாதீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி.

என் மனைவி தீர்த்தம்மாளுக்கு ஒரே அண்ணன். பெயர் பெரியண்ணன். ஏரியூரில் நிலம், தென்னை, பெட்ரோல் ஜீப்பு எல்லாம் உள்ள ஆள். சித்திரையில் அங்கே போயிருந்தபோது என் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது ஓடறப்பவிட நிக்கறப்ப நல்லா இருக்குதுங்க. உள்ளார நாலு மூங்கில் குச்சியக் குறுக்கால கட்டுனா கோழி அடைக்கலாம்."

அவர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"மச்சான், ஆடிப் பதினெட்டுக்கு இதே கார்ல வந்து, இப்ப சிரிச்சவங்க எல்லாரையும் ஒகேனக்கல்லுக்கு ஏத்திக்கிட்டுப் போறேன். வரலேன்னா காரு உங்களுது. கோழி அடைங்க, ஆடு அடைங்க, என்னை வேணும்னாலும் உள்ள போட்டு அடைங்க!"

கையில் அடித்துச் சத்தியமும் செய்துவிட்டேன். பக்கத்தில் நின்ற தீர்த்தம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. போகிற வழியில் வண்டி மக்கர் செய்தால்? பென்னாகரம் தாண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால்? முன்னெச்சரிக்கையாக டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் வேறொன்றுமில்லை. என்ஜினில் உள்ள நான்கு சிலிண்டருக்கும் முறை வைத்துத் தீப்பொறி பரிமாறுகிற சாமான். பந்தியில் இலைக்கு இலை பார்த்துச் சாம்பார் ஊற்றுகிறவர் மாதிரி. சாப்பிட உட்கார்ந்தவனுக்கு ஊற்ற வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவன் தலையில் ஊற்றினால் ரகளைதான்.

"ஓடற வண்டியை எதுக்குங்க கழட்டறீங்க?" என்றாள் தீர்த்தம்மாள்.

"இன்னும் நல்லா ஓடறதுக்கு."

"பக்கத்து வூட்டு பாஷா அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன். லாரி ஒர்க்‌ஷாப்புல பெரிய மெக்கானிக்கு."

"அவரு லாரிக்கு. சுத்தியல்ல அடிச்சு வைத்தியம் பாக்கறவரு. இது டைமிங் சமாச்சாரம். டைமிங்கை எனக்கே ஒருத்தர் சொல்லித் தரணுமா? ஊருக்கே டைம் சொல்றவன் நான்!"

"உங்க கடையில மாட்டியிருக்கற கடிகாரமே ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலையேங்க."

"அதெல்லாம் வேற வேற ஆளுங்களோடது. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு நேரம்."

நூர் பாஷாவிடம் யோசனை கேட்காததற்குக் காரணம் உண்டு. ஒருமுறை அவர் வாட்ச்சைப் பழுது பார்த்துக் கொடுத்தேன். மறுநாளே அவர், "சென்னப்பண்ணன் ரிப்பேர் பண்ணுன வாட்ச்சைக் கட்டுனா ஒரே நாள்ல ரெண்டு தடவை காலை நாஷ்டா சாப்பிடலாம்" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். இருந்தாலும் தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

பானெட்டைத் திறந்தேன். என்ஜினுக்கு முன்னால் ஒரு சக்கரம். அதில் ஒரு கோடு. அந்தக் கோடு அதற்குரிய அடையாளத்துக்கு நேராக வந்தால் ஒன்றாம் நம்பர் சிலிண்டர் தயார் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். இது மட்டும்தான் எனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இரும்புக் கைப்பிடியை முன்னால் செருகி என்ஜினைச் சுற்றிக் கோட்டை நேராகக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்தேன். உள்ளே கடிகார முள் மாதிரி ஒன்று. ரோட்டர் என்று பெயர். கழற்றும்போது அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ, மாட்டும்போதும் அந்தப் பக்கமே பார்க்க வேண்டும். மற்றவர்களாக இருந்தால் சாக்பீஸ் தேடுவார்கள். நான் ஒரே பார்வை பார்த்தேன். மணி ஏழரை.

சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். ஏனென்றால் எனக்குத் துலாம் ராசி. அது எண்பத்து நாலாம் வருஷம். ஏழரைச் சனி என் தலைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த சமயம். ஏழரை என்ற வார்த்தையையே நான் வாயால் சொல்வதில்லை. ரிப்பேருக்கு வரும் கடிகாரம் அந்த மணியில் நின்றிருந்தால் முதலில் முள்ளை நகர்த்திவிட்டுத்தான் பின்மூடியைத் திறப்பேன். தீர்த்தம்மாள் ஏழரைக்குச் சாப்பிட வரச் சொன்னால் ஏழே முக்காலுக்குப் போவேன். இட்லி ஆறியிருக்கும். சனிக்குப் பயந்தவன் ஆறின இட்லிக்குப் பயப்பட முடியுமா?

"மணி என்னங்க காட்டுது?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டாள் அவள்.

"எட்டுக்கு அரை மணி முன்னால."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் துணிப்பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனேன். எதிர்க்கடைக்காரர், "பையில என்னாங்க?" என்றார். "டிஸ்ட்ரிபியூட்டர் எடுத்திருக்கேன்" என்றேன். அது தப்பாகப் போயிற்று. சாயந்திரத்துக்குள் மளிகைக்கடைக்காரர்கள் வரிசையாக வந்து, "எந்தச் சோப்புக்கு அண்ணே? நமக்கும் நாலு பெட்டி போடுங்க" என்று கேட்டுவிட்டார்கள். ஒருவர் பல்பொடியா என்றார். பல்சக்கரம் என்றேன். புது மார்க்கா என்றார்.

பளபளவென்று துடைத்து வீட்டுக்கு எடுத்து வந்தால், வீட்டுக்கு முன்னால் நிறுத்தின கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது.

"வண்டி எப்படிப் புள்ள அங்க போச்சு?"

"புளி மூட்டை ஏத்திக்கிட்டு மாட்டுவண்டி வந்துச்சுங்க. சந்துல பூந்து போக எடமில்ல. நாலு பேரு சேந்து காரைத் தள்ளிவுட்டாங்க."

"ஐயோ! கைப்பிரேக் இல்லேன்னு கியர்லயில்ல போட்டு வெச்சிருந்தேன்!"

"அதானுங்களா கர்ரு புர்ருன்னு சத்தம் வந்துச்சு! நாங்க வண்டிக்கு ஏதோ வயித்துவலின்னு நெனச்சோம்."

கியரில் போட்ட வண்டியைத் தள்ளினால் என்ஜினும் சேர்ந்து சுற்றும். சுற்றினால் என்ன? கோடு இருக்கிறது, அடையாளம் இருக்கிறது. மறுபடி கைப்பிடி போட்டுக் கோட்டை நேராகக் கொண்டுவந்தேன். டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினேன். ரோட்டரை, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, எட்டுக்கு அரை மணி முன்னால் நிறுத்தினேன். மூடியைப் போட்டேன். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பிக்கொண்டே, என்ஜின் பாடுவதைக் கேட்கப் பானெட் பக்கம் சாய்ந்தேன்.

டமார்!

கார்புரேட்டர் வழியாக நெருப்பைத் துப்பியது. வேப்பமரத்துக் காக்கைகள் அந்தப் பக்கமே வேண்டாம் என்று பறந்துவிட்டன. நான் கண்ணைத் திறந்தபோது பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் நூர் பாஷாவின் தலை தெரிந்தது.

"சென்னப்பண்ணே, நல்லாதானே இருக்கீங்க? புருவம் இருக்குதா?"

"ஒண்ணுமில்ல பாய். டெஸ்ட்டு."

"அண்ணே, ஒண்ணாம் நம்பர் பிளக்கைக் கழட்டிட்டு, அந்த ஓட்டையில கட்டைவிரலை வெச்சுக்கிட்டு கைப்பிடியச் சுத்தச் சொல்லுங்க. கோடு நேரா வர்றப்ப விரலை..."

"பாய், உங்க விரல் லாரி தாங்குன விரல். எனக்கு இந்தப் பத்து விரல்லதான் பொழப்பு. விட்டுடுங்க."

"சரிங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் கடை மூடி வந்ததும் இதே வேலை. கோடு நேராக, ரோட்டர் அதே மணியில் நிற்கும்படி கைப்பிடியைச் சுற்றிச் சரிபார்ப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். வண்டி மட்டும் ஓடாது. டமார் என்று ஒரு வேட்டு. தெருக்காரர்கள் அதை வைத்து உலையில் அரிசி போட ஆரம்பித்தார்கள். கடிகாரக்காரனுக்கு ஒரு வகையில் அதுவும் கௌரவம்தான்.

ஆடிப் பதினெட்டு நெருங்கியது. பென்னாகரம் பஸ் கண்டக்டர் கடைக்கு வந்து தகவல் சொன்னார். "உங்க மச்சான் சொல்லச் சொன்னாருங்க. மூங்கில் குச்சி வெட்டி வெச்சாச்சாம். சேவலுக்கு முன்சீட்டாம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி போனால் போகட்டும் என்று சொல்ல ஆசைதான். முடியவில்லை. நான் சம்பாதித்து, நான் ஆசைப்பட்டு வாங்கின முதல் பெரிய பொருள் அது. அதன் ஸ்டீயரிங்மேல் ஏரியூர்ச் சேவல் ஏறி நின்று கூவுவதை நினைத்து, பாதி ராத்திரியில் எழுந்து போய் வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆடி பதினேழாம் தேதி காலை. வேப்பமரத்தடியில் வண்டியோடு வண்டியாக உட்கார்ந்திருந்தேன். தீர்த்தம்மாள் காப்பியோடு வந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"பாயைக் கூப்புடுன்னு மட்டும் சொல்லாத."

"சேச்சே, அவரு எதுக்கு? அந்த முள்ளு இப்ப எங்க நிக்குது?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே. எட்டுக்கு அரை மணி முன்னால."

"அப்ப ஏழரை."

காதைப் பொத்திக்கொண்டேன். அவள் விடவில்லை.

"உங்க ராசிக்கு நடக்கறதும் ஏழரை. வண்டியில நிக்கறதும் ஏழரை. ரெண்டு ஏழரையும் ஒண்ணாச் சேந்தா எந்த வண்டிங்க தாங்கும்?"

"இது என்ஜின் தீர்த்தம். இங்க சனி எங்க வந்துச்சு? பாயிண்ட்டாப் பேசு."

"அதுக்குள்ள இருந்த பாயிண்ட்டையெல்லாம் நீங்கதான் தேச்சுப் பாலீஷ் போட்டுட்டீங்களே."

"நெனச்ச மணிக்கு முள்ளை மாத்தி வெச்சா ஓடாது புள்ள."

"நெனச்ச மணிக்கு யாரு மாத்தச் சொன்னா? சனி இந்தப் பக்கம் பாத்தா, நாம நேரா அந்தப் பக்கம் திரும்பிக்கணும். ஒரு நூலு கூட முன்னப்பின்ன ஆகக்கூடாது. ஏழரைக்கு நேர் எதிர் என்னாங்க?"

"ஒண்ணரை." தொழில் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப ஒண்ணரைக்கு வைங்க. முள்ளை மட்டும் திருப்புங்க. கோடு, சக்கரம், ஒயரு எதையும் தொடாதீங்க. தொட்டா பலிக்காது."

பரிகாரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாளே என்று ஆச்சரியமாக இருந்தது. என் மனசுக்குள் ஏற்கனவே சனிதான் என்று பட்டிருந்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். "உன் திருப்திக்காகச் செய்யறேன்" என்று சொல்லிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் தூக்கி, ரோட்டரை அரைச் சுற்றுத் திருப்பி, ஒன்றரையில் இறக்கினேன். நட்டை இறுக்கினேன். மூடியைப் போட்டேன். இந்த முறை முகத்தைத் தூரமாக வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

கிர்ர்ர்... என்று ஒரு இழுப்பு. பிடித்துக்கொண்டது! வண்டி பாடியது. இதற்கு முன் அப்படிப் பாடினதே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சனீஸ்வரா, உன்னை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டேனே என்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

சுவருக்கு மேல் நூர் பாஷா.

"பாத்தீங்களா பாய்? யார் உதவியும் இல்லாம நானே பண்ணேன்!"

"மாஷா அல்லா! கை வெச்சா நீங்கதான் வெக்கணும்ணே!" என்றவர் சட்டென்று கீழே இறங்கிவிட்டார். சுவருக்குப் பின்னால் வெகு நேரம் இருமல் சத்தம் கேட்டது. லாரிப் புகை நெஞ்சில் கட்டியிருக்கும், பாவம்.

மறுநாள் ஏரியூரில் போய் ஹாரன் அடித்தேன். பெரியண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வெட்டி வைத்த மூங்கில் குச்சிகளை யாரோ அவசரமாக மாட்டுக்கொட்டகைப் பக்கம் இழுத்துப் போனார்கள். சித்திரையில் சிரித்த பெண்கள் எல்லாரும் என் காரில் ஏறினார்கள். ஏறியவர்கள்மேல் மற்றவர்கள் ஏறினார்கள். சோற்றுப் பாத்திரங்களோடு பெரியண்ணன் ஜீப்பில் என் புகையை வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

ஒகேனக்கல்லில் ஜனமான ஜனம். பெண்கள் முழுகப் போனார்கள். நானும் மச்சானும் மீன் வறுவல் கடை ஓரமாக உட்கார்ந்தோம். ஏழரையின் தத்துவத்தை நான் விளக்கினேன். ரோட்டரும் ராசியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் விதத்தை மீன் முள்ளை வைத்துக் காட்டினேன். பெரியண்ணன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். எனக்கு இன்னொரு மீன் சொன்னார்.

"மாப்பிள்ளை, நான் அன்னைக்குப் பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்க. என் ஜீப்பும் மேடு ஏறறப்பக் கொஞ்சம் இழுக்குதுங்க. அதுல முள்ளு எங்க நிக்குதுன்னு உங்க கையால பாத்துச் சொல்லுங்க."

போய்ப் பார்த்தேன். திடுக்கிட்டேன்.

"எட்டு மச்சான்! அஷ்டமம்! இதை வெச்சுக்கிட்டு இவ்வளவு நாள் எப்படி உசுரோட இருக்கீங்க? ஸ்பேனரைக் குடுங்க. நேர் எதிரா, ரெண்டுக்குத் திருப்பிடறேன்!"

ஸ்பேனரை நட்டில் வைத்தேன். அதற்குள் ஆற்றுப் பக்கமிருந்து ஈரப் புடவையோடு ஒரு உருவம் ஓடி வந்தது.

"ஏங்க! ஒரு நிமிசம் இப்படி வாங்க!"

தீர்த்தம்மாள் என் கையைப் பிடித்து மீன் கடைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"அந்த நட்டைத் தொடாதீங்க. ஜீப்பு இங்கியே படுத்துரும். எங்கண்ணன் மூஞ்சியில டமாருன்னு அடிக்கும். அப்பறம் உங்க மானம் காவேரியோட போயிரும்."

"எட்டுல நிக்குது புள்ள!"

"என்ஜினு எங்க நிக்குதோ முள்ளும் அங்க நிக்கும். எட்டுக்கும் சனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க." குரலைத் தாழ்த்தினாள். "ஏழரைக்கும் இல்லை."

"அப்ப நம்ம வண்டி எப்படிப் புள்ள ஓடுச்சு?"

"பாஷா அண்ணன் மொத நாளே எங்கிட்டச் சொல்லிட்டாருங்க. என்ஜினு ரெண்டு சுத்து சுத்துனாத்தான் உங்க முள்ளு ஒரு சுத்து சுத்துமாம். அதனால அந்தக் கோடு ரெண்டு தடவை நேரா வருமாம். காலையில ஒரு ஏழரை வருது, சாயந்திரம் ஒரு ஏழரை வருதில்ல, அந்த மாதிரி. பிளக்கு ஓட்டையில விரலை வெச்சுச் சுத்துனா, சரியான தடவைக்கு மட்டும் காத்து விரலைப் புடிச்சுத் தள்ளுமாம். நீங்க சாயந்திர ஏழரையில வெச்சுட்டுக் காலையின்னு நெனச்சுட்டீங்க. எதிர்ப்பக்கம் திருப்புனாச் சரியாப்போகும்னாரு."

"மொத நாளே சொன்னாரா? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்களாக் கண்டுபுடிச்சாச் சந்தோசப்படுவீங்களேன்னு பாத்தேன். முடியலை. பாஷா அண்ணன் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. நான் சொன்னா அதுவும் கேக்க மாட்டீங்க. சனி சொன்னாக் கேப்பீங்க. அதான் அவரைக் கூப்புட்டேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு ஏழரை உண்டு என்பதை மறந்த கடிகாரக்காரன் யார்மேல் கோபப்படுவது? பாஷாவைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. என் கையாலேயே என்னைச் செய்ய வைத்து, அண்ணன் முன்னால் என்னைத் தலைநிமிர்ந்து நிற்க வைத்துவிட்டாள். ஈரப் புடவையில் நடுங்கிக்கொண்டு நின்ற அவளைப் பார்த்து எனக்கு நன்றி பொங்கியது. அருவிச் சத்தத்தில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என் துண்டை எடுத்து அவள் தோளில் போட்டேன்.

"என்னாச்சு மாப்பிள்ளை?" பெரியண்ணன் கூப்பிட்டார்.

நேராகப் போய் ஜீப்பின் பானெட்டை மூடினேன். "மச்சான், உங்க ஜாதகத்துக்கு எட்டுதான் யோகம். எவன் கேட்டாலும் கை வெக்க விடாதீங்க."

அவர் என்னைக் கும்பிட்டார். நான் தீர்த்தம்மாளைப் பார்த்தேன். அவள் அருவியைப் பார்த்தாள்.

திரும்பும்போது அவர்களை ஏரியூரில் இறக்கிவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் அரூர் பாதையில் வந்துகொண்டிருந்தோம். நாளைக்கே பாஷா வாட்ச்சைக் காசு வாங்காமல் பிரித்துச் சரிசெய்து கொடுத்து, நன்றியும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். வண்டி அருமையாக ஓடியது.

"தீர்த்தம், இந்த வண்டி கைவிட்டுப் போயிடக் கூடாதுன்னு நீ பட்ட பாட்டை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். இதுமேல உனக்கு இவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

"ஆசை இல்லாம இருக்குங்களா?" என்றாள் அவள், ஈரக் கூந்தலை உதறி முடிந்துகொண்டே. "ஞாயித்துக்கெழமையானா நீங்க இதுக்கு அடியில போய்ப் படுத்துக்கறீங்க. இது இல்லேன்னா அன்னைக்குப் பூரா வூட்டுக்குள்ளயில்ல இருப்பீங்க?"